அந்தோணியார் கேட்டத குடுத்துட்டாரு, அப்புறம் ஏன் செபம் வரல?

கேள்வி:

"அக்காவுக்கு இயேசுவுக்கே புகழ். எனக்கு 39 வயசு. மண்டபம் பக்கம் கடற்கரை ஊரு, ஊர் பேர் போட வேணாம். நான் நண்டு உடைக்கிற கம்பெனிக்கு போறேன், எங்க வீட்டுக்காரவுக விசைப்படகுல கூலிக்கு போறவுக. போன வருஷம் அவுகள சிலோன் நேவி புடிச்சிட்டுப் போயி யாழ்ப்பாணம் ஜெயில்ல 4 மாசம் வச்சிருந்தாங்க. அந்த 4 மாசம் நான் செபிச்ச மாதிரி என் வாழ்நாள்ல செபிச்சதில்ல அக்கா. ராத்திரி 3 மணிக்கு தானா முழிப்பு வரும், முழங்கால்ல நின்னா விடியிறது தெரியாது, கண்ணீர் நிக்காது, ஆண்டவர் பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கும். அவுக வந்துட்டா கச்சத்தீவு அந்தோணியார் கோயிலுக்கு வர்றேன்னு நேந்துக்கிட்டேன். வந்துட்டாக. திருவிழாவுக்கும் போனேன். அங்க சிலுவைப் பாதைல எல்லாரும் அழுவுறாங்க, நான் கட்ட மாதிரி நின்னேன், ஒரு சொட்டு வரல. அன்னைக்கு இருந்து இப்ப வரைக்கும் அப்படித்தான். செபமாலை எடுத்தா கொட்டாவி, பூசைக்கு போனா எப்ப முடியும்னு இருக்கு. ஓரியூர் போயி அருளானந்தர்கிட்ட எனக்கும் அந்த அனல குடுங்கன்னு கேட்டுப் பாத்துட்டேன். செபக்கூட்டத்து லீடர் அக்கா உன்கிட்ட மறைவான பாவம் ஏதோ இருக்கு, ஆதி அன்ப விட்டுட்டன்னு சொல்றாங்க. காரியம் முடிஞ்சதும் ஆண்டவர கழட்டி விட்டுட்டனா? அவுகளும் வந்ததுல இருந்து யார்கிட்டயும் சரியா பேசுறதில்ல, அது வேற. எனக்கு அந்த பழைய அனல் திரும்ப வேணும். என்ன செய்யணும் அக்கா?"

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். மொத தடவ கேள்விய மட்டும் தான் பாத்தேன், ரெண்டாவது தடவ தான் "அவுகளும் யார்கிட்டயும் சரியா பேசுறதில்ல, அது வேற"ன்னு போற போக்குல எழுதிட்டு தாண்டிப் போயிருக்கீங்களே, அந்த வரி கண்ணுல பட்டுச்சு. அது வேறன்னு எனக்கு தோணல. கடைசில அதுக்கு வர்றேன், மறக்க மாட்டேன்.

மொதல்ல கழட்டி விட்டுட்டனான்னு கேட்டதுக்கு. காரியம் முடிஞ்சு கழட்டி விடுறவங்கள நானும் பாத்திருக்கேன், எங்க சொந்தத்துலயே இருக்காங்க, அவங்க நேர்த்திய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளுவாங்க, அதுக்கு அடுத்த வருஷம் பேச்சே இருக்காது. நீங்க பேர் குடுத்து, ஆதார் ஜெராக்ஸ் குடுத்து, ராமேஸ்வரம் ஜெட்டில வரிசைல நின்னு, லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு அந்த அலையில போயி நேர்த்திய முடிச்சுட்டு வந்திருக்கீங்க. அங்க அழுகை வரலைங்கிறதால நேர்த்தி செல்லாம போகாது. வர்றேன்னு தான் நேந்துக்கிட்டீங்க, அழுவேன்னு நேந்துக்கலையே. போயாச்சு, கணக்கு முடிஞ்சுது, அத மறுபடி தோண்ட வேணாம்.

இப்ப அந்த 4 மாசத்த கொஞ்சம் பிரிச்சு பாப்போம். 3 மணிக்கு தானா முழிப்பு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அது எனக்கு ரொம்ப பழகுன முழிப்பு, புருஷன் ஜெயில்ல இருக்கிற பொம்பளைங்க, சொன்ன நேரத்துக்கு போட் கரைக்கு வராத வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் கவுன்சிலிங்குக்கு வந்து என் முன்னாடி உக்காந்து அந்த முழிப்ப பத்தி சொல்லியிருக்காங்க. பயத்துல இருக்கிற ஒடம்பு ஆழமா தூங்காது. அட்ரினலின், கார்ட்டிசால்னு ஹார்மோன் ஓடிக்கிட்டே இருக்கும், நெஞ்சு படபடங்கும், சின்ன சத்தமும் பெருசா கேக்கும், கண்ணீர் லேசா வரும், பாக்குறது கேக்குறது எல்லாமே பளிச்சுன்னு இருக்கும், அதுல செபமும் சேத்தி. அப்ப அது உண்மையான செபம் இல்லையா அக்கான்னு ஓடனே பயந்துராதீங்க, உண்மை தான். முழிப்ப குடுத்தது பயம், முழிச்சதும் முழங்கால் போட்டது நீங்க. பொரண்டு படுத்து செல்ல நோண்டியிருக்கலாம், யாருக்காச்சும் சாபம் விட்டுக்கிட்டு கெடந்திருக்கலாம், நீங்க அந்த நேரத்துல ஆண்டவர்கிட்ட போனீங்க. இப்ப பயம் எறங்கிருச்சு, கூடவே முழிப்பு போச்சு, படபடப்பு போச்சு, கண்ணீர் போச்சு, அம்புட்டுக்கும் சேத்து நீங்க அனல்னு ஒரே பேர் வச்சிருந்ததால மொத்தமா எல்லாம் போன மாதிரி தெரியுது.

இன்னொன்னு, ஆபத்து இருக்கிற வரைக்கும் நிமிந்து நிக்கிற ஒடம்பு ஆபத்து போனதும் தான் விழும். காணாமப் போன போட் கரை சேர்ற அன்னைக்கு, ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்காம தெம்பா நின்ன பொண்டாட்டி, புருஷன் மொகத்த பாத்ததும் மயங்கி விழுவா, கரையில இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் தான் இது. பைபிள்லயே எலியா இறைவாக்கினர் கதை அப்படித்தான் போகுது. 1 அரசர் புத்தகம் 18ம் அதிகாரத்துல கர்மேல் மலைல வானத்துல இருந்து நெருப்பு எறங்குது, ஊரே குப்புற விழுந்து கும்புடுது, பக்கத்த திருப்புனா 19ல அதே ஆளு ஒரு சூரைச்செடிக்கு கீழ படுத்துக்கிட்டு ஆண்டவரே போதும், என் உயிர எடுத்துக்கும்னு சொல்றாரு. எம்புட்டு பெரிய நெருப்ப பாத்த மனுஷன். ஆண்டவர் அவர்கிட்ட உன்கிட்ட என்ன மறைவான பாவம்னு கேக்கல. தூங்க விட்டாரு, தூதர அனுப்பி தணல்ல சுட்ட அப்பமும் ஒரு குடுவை தண்ணியும் வச்சாரு, சாப்பிட்டுட்டு திரும்பப் படுத்தாரு, திரும்ப எழுப்பி திரும்ப சாப்பாடு. பேச்செல்லாம் அதுக்கு அப்புறம், 40 நாள் நடந்த பிறகு தான். நீங்க கம்பெனில இருந்து வந்து சமைச்சு, பிள்ளைகள படுக்க வச்சு, நண்டு வாட போக கைய கழுவிட்டு 11 மணிக்கு செபமாலை எடுத்தா கொட்டாவி வராம பாட்டா வரும்?

லீடர் அக்காவ பத்தி. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டாங்க, அவங்களுக்கு தெரிஞ்ச மருந்து அது ஒண்ணு தான். ஆதி அன்புங்கிற வார்த்த திருவெளிப்பாடு 2ம் அதிகாரத்துல எபேசு சபைக்கு எழுதுன லெட்டர்ல வருது. அத முழுசா எடுத்துப் படிங்க. உன் உழைப்பும் பொறுமையும் எனக்கு தெரியும், என் பேருக்காக கஷ்டத்த தாங்கிக்கிட்ட, சோந்து போகலன்னு பாராட்டிட்டு தான் ஆண்டவர் அந்த கொறைய சொல்றாரு, அப்புறம் தீர்வு சொல்றாரு பாருங்க, மனம் மாறி முன்ன செஞ்ச செயல்கள செய்யின்னு. செயல்னு தான் இருக்கு. முன்ன அழுத மாதிரி அழு, முன்ன சிலிர்த்த மாதிரி சிலிர்த்துக்கோன்னு எங்கயும் இல்ல. இத நான் செபக்கூட்டங்கள்ல பல தடவ சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்கேன், ஆனாலும் சொல்லுவேன்.

அதுக்காக பாவமே காரணமா இருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். செபம் வறண்டு போறதுக்கு இயேசு சபைய ஆரம்பிச்ச லொயோலா இஞ்ஞாசியார் மூணு காரணம் சொல்றாரு. நம்ம அசட்டை ஒண்ணு. ஆறுதல் எதுவும் கெடைக்காதப்பயும் நாம எம்புட்டு தூரம் நிக்கிறோம்னு தெரியிறதுக்கு ஒண்ணு. அந்த ஆறுதல் நம்ம சம்பாத்தியம் இல்ல, அவர் குடுக்கிறதுன்னு வெளங்குறதுக்கு ஒண்ணு. லீடர் அக்கா மொதல் காரணத்தோட நின்னுட்டாங்க. நீங்க ஒரு நாள் உக்காந்து மனசாட்சிய நேர்மையா பாருங்க, ஏதாச்சும் தட்டுப்பட்டா ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு எந்திரிச்சு வந்துருங்க. ஒண்ணும் தட்டுப்படலயா, விட்டுருங்க, தெனமும் தோண்டுனா நல்ல தரையிலயும் குழி தான் விழும்.

இஞ்ஞாசியார் இன்னொரு விஷயமும் சொல்றாரு, எனக்கு என் தொழில்ல கூட ரொம்ப ஒதவுனது அது. மனசு வறண்டு இருட்டா இருக்கிற நேரத்துல, அதுக்கு முன்னாடி தெளிவா இருந்தப்ப எடுத்த முடிவுகள மாத்தாதேன்னு. அவரு ஒரு சிப்பாயா இருந்தவரு, பீரங்கி குண்டு பட்டு கால் ஒடஞ்சு கெடந்தப்ப தன் மனசு எப்ப ஏறுது எப்ப எறங்குதுன்னு உக்காந்து கவனிக்க ஆரம்பிச்சவரு, அதனால தான் அவரு சொல்றது ஒரு டாக்டர் சொல்ற மாதிரி இருக்கும். உங்களுக்கு இத ரெண்டு பக்கமும் சொல்றேன். செபக்கூட்டத்த விட்டு நின்னுருவோம்னு இப்ப முடிவு எடுக்காதீங்க. அதே மாதிரி அனல வரவழைக்கிறேன்னு புதுசா 40 நாள் உபவாசம், முழு ராத்திரி செபம், இன்னொரு நேர்த்தின்னு எதையும் தலைல ஏத்திக்காதீங்க. லீடர் அக்கா மறுபடி கேட்டா "எனக்காக செபிங்க அக்கா, காரணம் மட்டும் தேட வேணாம்"னு சொல்லிட்டு அமைதியா உக்காந்துருங்க.

அருளானந்தர்கிட்ட, அதான் ஜான் டி பிரிட்டோ சாமியார்கிட்ட, அனல் கேட்டீங்கன்னு படிச்சதும் எனக்கு சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. ஓரியூர் போனா நாம எல்லாரும் 1693 பிப்ரவரி 4ம் தேதிய மட்டும் தான் பாக்குறோம், வெட்டுப்பட்ட அந்த ஒரு நாள, ரத்தம் பட்டு செவந்ததா நம்புற அந்த மண்ண ஒரு பிடி காகிதத்துல மடிச்சு எடுத்துட்டு வர்றோம். அந்த மனுஷன் லிஸ்பன்ல இருந்து கப்பலேறி வந்தது 1673. நடுவுல 20 வருஷம் இருக்கு. கறி மீன் இல்லாம சோறும் காயுமா தின்னுக்கிட்டு, காவித் துணியோட இந்த மறவர் சீமை வெயில்ல நடந்திருக்காரு, 1686ல புடிபட்டு அடி வாங்கி, இனிமே இங்க போதிக்கக் கூடாதுன்னு ராமநாதபுரம் ராஜா சேதுபதி சொல்லி விட்டாரு, அப்புறம் ஐரோப்பாவுக்கே போயிட்டாரு, அங்கயே இருந்திருக்கலாம், 1690ல திரும்பி வந்தாரு. அந்த 20 வருஷத்துல எத்தன நாள் வெறும் கால் வலியும் சலிப்புமா போயிருக்கும், அதுக்கெல்லாம் யாரும் மண்ணு மடிச்சு குடுக்குறதில்ல.

அவிலா தெரேசாவ எடுத்துக்கங்க. (அன்னை தெரசா கதைய எல்லா பிரசங்கத்துலயும் சொல்லிட்டாங்க, அதனால விட்டுர்றேன்.) செபத்துக்கே ஆசிரியைன்னு திருச்சபை கொண்டாடுற அந்த அம்மா, செபிக்க உக்காந்தா கடிகாரம் எப்ப மணி அடிக்கும்னு காது குடுத்துக்கிட்டே எப்படா ஒரு மணி நேரம் முடியும்னு இருப்பேன்னு தானே எழுதி வச்சிருக்காங்க, அந்த வறட்சி ஏறத்தாழ 18 வருஷம்னு அவங்களே கணக்கும் சொல்றாங்க. நீங்க பூசைல எப்ப முடியும்னு நெனச்சதுக்கு வெக்கப்படுறீங்க. எனக்கு அவங்க கதைல முக்கியமா படுறது வேற. ஒரு சமயம் எனக்கு தகுதி இல்ல, நான் எப்படி செபிக்கிறதுன்னு தாழ்ச்சின்னு நெனச்சுக்கிட்டு ஒரு வருஷத்துக்கு மேல தனி செபத்தயே நிறுத்திட்டாங்க, பின்னாடி அது தான் நான் செஞ்ச பெரிய தப்புன்னு சொல்றாங்க. வறண்டு போனத தப்புன்னு சொல்லல, வெக்கப்பட்டு நின்னுட்டத தான் சொல்றாங்க. உங்க லெட்டர்ல எனக்கு கவலையா இருந்தது அந்த இடம் தான், கழட்டி விட்டுட்டனா கழட்டி விட்டுட்டனான்னு கேட்டுக் கேட்டே ஒரு நாள் போகாம இருந்துருவீங்களோன்னு.

எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்துச்சு. எங்க அம்மா ஆஸ்பத்திரில கெடந்த 2 மாசம் நானும் உங்கள மாதிரி தான், தரையில விழுந்து கதறுனேன். உங்க வீட்டுக்காரவுக வந்தாக, எங்க அம்மா வரல. அதுக்கு அப்புறம் ஒரு தியானக் கூட்டத்துல ஒருத்தரு மைக்க புடிச்சுக்கிட்டு என்னைய எழுப்பி நிக்க வச்சு, விசுவாசம் கொறஞ்ச எடத்துல அற்புதம் நடக்காதுன்னு 200 பேரு முன்னாடி சொன்னாரு. அவர் பேரு எதுக்கு, இன்னைக்கு அவரு மேல கோவம் கூட இல்ல, கொஞ்சம் இருக்கு. வீட்டுக்கு வந்து படுத்தவ தான், செபம்னா என்னன்னே தெரியாத மாதிரி ஆயிருச்சு, அதே நேரத்துல வேலையில வர்றவங்களுக்கு செபிங்க செபிங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், பெரிய கூத்து. செபிக்க வரல, சரி, கோயில பெருக்கவாச்சும் செய்வோம்னு சனிக்கிழமை கோயில் கூட்டுற லிஸ்ட்ல பேர் குடுத்தேன். ஆடி மாசக் கச்சான் காத்துல நம்ம கடற்கரை கோயில்ல எம்புட்டு மண்ணு வந்து கெடக்கும்னு உங்களுக்கு சொல்லவா வேணும், பெஞ்சுக்கு அடில, முழங்கால் போடுற பலகைக்கு அடில, பீடத்து படில, கூட்டி அள்ளி வெளிய கொட்டிட்டு திரும்புனா வாசல்ல திரும்ப ஒரு வரி மண்ணு. மெழுகுவர்த்தி ஸ்டாண்டுல உறைஞ்சு கெடக்கிற மெழுக பழைய கத்தியால சொரண்டி எடுக்கணும், நகத்துக்குள்ள ஏறிக்கும், சோப்பு போட்டாலும் ரெண்டு நாளைக்கு போகாது. இப்படி ஒரு 8 மாசம். ஒரு சனிக்கிழமை மாதா சுரூபத்த தொடச்சுக்கிட்டே "இம்புட்டு மண்ணும் எங்கிட்டு இருந்து தான் வருது, நீங்களாச்சும் கொஞ்சம் சொல்லக்கூடாதா"ன்னு சத்தமா அலுத்துக்கிட்டேன். சொன்ன பிறகு தான் ஒறைச்சுது, அந்த 8 மாசத்துல நான் மனசுல இருந்து பேசுன மொத பேச்சு அது தான்னு. மறுவாரம் மண்ண விட்டுட்டு எங்க அம்மாவ பத்தி கேட்டேன். கத்திக் கேட்டேன், நல்லவேளை கோயில்ல யாரும் இல்ல.

இப்ப உங்க "அது வேற"க்கு வர்றேன்.

ஜெயில்ல இருந்து வர்ற மீனவங்கள ஊரே கொண்டாடும், கொழும்புல இருந்து ஃபிளைட்ல சென்னைக்கு வந்து, அங்க இருந்து வேன்ல ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு வந்து எறங்குவாங்க, மால, கண்ணீர், ஃபோட்டோ, ஒரு வாரம் சொந்தக்காரங்க வந்து போவாங்க. அதுக்கு அப்புறம் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. போட்டு அங்க புடிபட்டு கெடந்தா ஓனருக்கு நஷ்டம்னு பேப்பர்ல வரும், அதுல பங்குக்கு போனவனுக்கு வேலையே இல்லன்னு வராது. கடன் 4 மாசத்துல கூடியிருக்கும். ராத்திரி தூக்கத்துல திடுக்குன்னு எந்திரிப்பாங்க, கடலுக்கு போகவும் பயம், போகலைன்னு சொல்லவும் வெக்கம், பொண்டாட்டி கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம திண்ணைல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. உங்க வீட்டுல இதுல எது நடக்குதுன்னு எனக்கு தெரியாது, நீங்க எழுதல. ஆனா நீங்க 3 மணிக்கு முழங்கால் போட்டுக் கேட்ட ஆள் ஒருத்தரு, திரும்பி வந்து வாசல்ல எறங்குன ஆள் வேற ஒருத்தரு மாதிரி இருக்காருன்னா, அந்த வலிய நீங்க யார்கிட்ட சொன்னீங்க?

ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன். எப்படி சொல்றது, அற்புதம் செஞ்சு குடுத்துட்டாரு, ஊரே சாட்சி சொல்லச் சொல்லுது, நீங்களும் செபக்கூட்டத்துல சாட்சி சொல்லியிருப்பீங்க. அதுக்கு அப்புறம் போயி "நீர் குடுத்தது பாதி தான் ஆண்டவரே, மீதி மனுஷன் எங்க"ன்னு கேட்டா நன்றி கெட்டவ ஆயிருவோம்னு வாய மூடிக்கிட்டீங்க. இத்தன வருஷத்துல நான் திரும்பத் திரும்ப பாத்தது, ஒருத்தங்க மேல இருக்கிற கோவத்த மட்டும் தனியா அமுக்கி வைக்க முடியாது, அதோட சேந்து பாசமும் கண்ணீரும் அமுங்கிரும். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நடக்கிறது தான் இதுவும், சண்டையே போடாம மரியாதையா பேசிக்கிட்டு இருக்கிற வீட்டுல சில சமயம் ஒண்ணுமே மிஞ்சியிருக்காது. கச்சத்தீவுல அந்தக் கூட்டத்துல நீங்க கட்ட மாதிரி நின்னது அன்பு செத்துப் போனதால இருக்காது, அங்க எல்லாரும் நன்றி சொல்லி அழுதுக்கிட்டு இருந்தாங்க, உங்களுக்கு வந்த அழுக வேற, அத அங்க அழ முடியல.

திருப்பாடல் 88 எடுத்து வச்சுக்கங்க. மத்த பாட்டு பெரும்பாலும் அழுது ஆரம்பிச்சாலும் கடைசில நம்பிக்கை, நன்றின்னு முடியும், இது முடியாது, கடைசி வரைக்கும் இருட்டு தான், ஆண்டவரே ஏன் ஒம்ம மொகத்த மறைச்சுக்கிட்டீருன்னு கேட்டுட்டு அப்படியே நின்னுரும். இத பைபிள்ல இருந்து யாரும் வெட்டி எடுக்கல, வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி சாமியாருங்களும் கன்னியர்களும் சொல்ற செபத்துல இது தான் இருக்கு. வாரத்துல ஒரு நாள், அந்த வெள்ளிக்கிழமையே, சத்தமா படிங்க. அதுக்கு கீழ உங்க சொந்த வார்த்தைல வீட்டுக்காரவுக பேர் சொல்லி ரெண்டு வரி. அழகா இருக்கணும்னு இல்ல.

தெனசரி செபத்துக்கு 10 நிமிஷம் போதும், 10க்கு மேல போகக் கூடாதுன்னு சொல்றேன், பழைய மாதிரி விடிய விடிய இருக்கணும்னு உக்காந்தா தோத்துப் போனோம்னு எந்திரிப்பீங்க. ஒரே நேரம், ஒரே எடம், காலைல உலைய வச்சுட்டு அரிசி வேகுறதுக்குள்ள முடிச்சிருங்க. மீதி செபம் கம்பெனில வரட்டும். எகிப்து பாலைவனத்துல 4ம் நூற்றாண்டுல எவாக்ரியுஸ்னு ஒரு துறவி இருந்தாரு, நடுமதியத்துல துறவிக்கு வர்ற சலிப்ப பத்தி அவரு எழுதுனத படிச்சா இன்னைக்கு எழுதுன மாதிரி இருக்கும், வெயில் நகரவே மாட்டேங்குது, ஜன்னல எட்டி எட்டி பாக்குறான், இந்த எடமே சரியில்ல, வேற எங்கயாச்சும் போனா ஆண்டவர நல்லா கும்புடலாம்னு தோணுது. அவரு சொன்ன வைத்தியம், எந்திரிச்சு ஓடாத, உன் எடத்துலயே இரு. அந்த துறவிங்க பனை ஓலைல பொட்டி முடைஞ்சுக்கிட்டே சின்ன செபத்த திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டு இருந்தாங்க, நம்ம பக்கம் பாட்டிங்க முடையிற அதே மாதிரி ஓலை வேலை. உங்களுக்கு நண்டு. ஓட்ட ஒடச்சு சதைய கிண்ணத்துல போடுற கைக்கு வாய் தேவையில்ல, "இயேசுவே இரங்கும்", அவ்வளவு தான், மனசு அங்கிட்டு இங்கிட்டு போனா போகட்டும், அடுத்த நண்டுக்கு திரும்ப சொல்லுங்க.

செல்லுல செபம் கேக்குறத பத்தி நீங்க எழுதல, ஆனா கேக்குறீங்கன்னு எனக்கு தெரியும், எல்லாரும் கேக்குறாங்க, சமைக்கும்போது ஒரு பிரசங்கம், படுக்கும்போது ஒரு ஆராதன, நடுவுல ரீல்ஸ்ல யாரோ அழுது செபிக்கிறது. அடுத்தவன் வீட்டு அடுப்புல கை காயவச்சா கை சுடும், நம்ம வீட்டு உல கொதிக்காது. ஒரு மாசத்துக்கு ராத்திரி 9 மணிக்கு மேல அத அணைச்சு வச்சுட்டு தூங்குங்க.

அனல் திரும்ப வேணும், நான் என்ன செய்யணும்னு கேட்டீங்கல்ல. யோவான் 21 நம்ம ஆளுங்க கதை தான். இயேசு உயிர்த்துட்டாரு, அவங்க ரெண்டு தடவ பாத்தாச்சு, அம்புட்டு சந்தோஷமும் நடந்து முடிஞ்சுது, அப்புறம் பேதுரு நான் மீன் புடிக்கப் போறேன்னு கெளம்புறாரு, ராத்திரி பூரா ஒரு பாடும் இல்ல. கரைல யாரு நிக்கிறான்னு அடையாளம் கூட தெரியல. கரை ஏறிப் பாத்தா கரி நெருப்பு, அதுல மீனு வச்சிருக்கு, அப்பம் இருக்கு. அந்த நெருப்ப மூட்டுனது பேதுரு இல்ல. பேதுரு நனஞ்ச துணியோட வந்து நின்னாரு, புடிச்ச மீனுல கொஞ்சம் கொண்டாங்கன்னு கேட்டதுக்கு வலைய இழுத்துப் போட்டாரு, வந்து சாப்பிடுங்கன்னு இயேசு சொன்னாரு, பேதுரு உக்காந்து சாப்பிட்டாரு. உண்மையான கேள்வியெல்லாம் சாப்பிட்ட பிறகு தான் வருது. நம்ம கரைல பனை ஓலைய கொளுத்தி அதுல சூடை மீன வாட்டி திங்கும்போதெல்லாம் எனக்கு அந்த காட்சி ஞாபகம் வரும், கண்ணுல பொக எரியும், கையெல்லாம் கரி.

ஒரு விஷயம் தொழில் முறைல கேட்டே ஆகணும். செபத்துல மட்டும் தான் ருசி இல்லையா, இல்ல எதுலயுமே இல்லையா? சோறு எறங்குதா, பிள்ளைங்க சேட்டை பண்ணா சிரிப்பு வருதா, தூக்கம் எப்படி? ரெண்டு வாரத்துக்கு மேலயா எதுலயும் மனசு ஒட்டாம, அசதியா, இருந்து என்ன பிரயோஜனம்னு தோணிக்கிட்டு இருந்துச்சுன்னா அது ஆன்மீக வறட்சின்னு விட்டுறக் கூடாது, அது டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு. ரத்த சோகை, தைராய்டு இருந்தாலும் இதே மாதிரி ஆள அமுக்கும், அதையும் டெஸ்ட் எடுத்துருங்க. மனநல டாக்டர்ன்னாலே நம்ம மாவட்டத்துல ஏர்வாடி ஞாபகம் வந்து பயப்படுறாங்க, 2001 ஆகஸ்ட்ல சங்கிலில கட்டிப் போட்டிருந்த 28 பேரு தீயில போன ஊரு, பயம் நியாயம் தான், ஆனா இது ராமநாதபுரம் ஜி.ஹெச்.ல ஓ.பி. சீட்டு போட்டு பாத்துட்டு சாயங்காலம் பஸ்ல வீட்டுக்கு வர்ற விஷயம். நேர்ல போக கூச்சமா இருந்தா 14416க்கு போன் பண்ணுங்க, காசு கெடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இது உங்களுக்கு சொன்னதுல பாதி, மீதி வீட்டுக்காரவுகளுக்கு. அவுக செத்துப் போயிரலாம்னு ஒரு வார்த்த வெளையாட்டுக்கு சொன்னாலும் வெளையாட்டா எடுத்துக்காதீங்க, அன்னைக்கே போன் பண்ணுங்க.

அவுககிட்ட ஜெயில்ல என்ன நடந்துச்சுன்னு கேக்காதீங்க, கேட்டா இன்னும் மூடிக்குவாக. சாயங்காலம் டீய குடுத்துட்டு பக்கத்துல உக்காருங்க, அவுக வலை பின்னுனா நூலு புடிச்சு விடுங்க, பேசாம இருந்தா நீங்களும் பேசாம இருங்க. கூட ஜெயில்ல இருந்தவங்க யாராச்சும் பக்கத்து ஊர்ல இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு கூப்பிடுங்க, நம்மகிட்ட சொல்லாதது அவங்ககிட்ட வரும். அந்த அரை மணி நேரம் திண்ணைல உக்காந்திருக்கிறத செபக் கணக்குல சேத்துக்கலாமான்னு கேட்டீங்கன்னா, நான் சேத்துக்குவேன்.

ஒரு மாசம் கழிச்சு எழுதுங்க. செபம் எப்படி இருந்துச்சு, அனல் வந்துச்சா வரலையான்னு எழுத வேணாம். நீங்க எத்தன மணிக்கு தூங்குனீங்க, அவுக என்ன சாப்பிட்டாக, வெள்ளிக்கிழமை அந்த ரெண்டு வரில ஆண்டவர என்ன திட்டுனீங்கன்னு எழுதுங்க.